கோழியின் பின்பக்கத்தில் கிடைத்த பதில்

மும்பைக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பற்றி எழுதுகிறார்கள். நான் ஆறு நாள் இருந்தும் கடலைப் பார்க்கவில்லை. என் தங்கை பேச்சியம்மாளின் இடது நுரையீரலில் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லி, திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் அதற்கு முந்தின புதன்கிழமை காலையே போய் இறங்கினேன். இறங்கியது முதல் திரும்ப ஏறும்வரை எனக்குக் கோபம்தான்.

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவர். ஆடு மாடு பார்ப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது முட்டைக்கோழிப் பண்ணைகள் மட்டும்தான். ஊரில் ‘கோழி டாக்டரம்மா’ என்றால் ஆட்டோக்காரர் நேராக என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார். பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். தங்கையைத் தாராவியில் கட்டிக்கொடுத்தோம். அவள் புருஷன் சுடலைமுத்து தோல் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவள் இரண்டு சந்து தள்ளிப் பால்வாடியில் டீச்சர்.

வீடு மாடியில். மாடிக்குப் போவது படியல்ல, இரும்பு ஏணி. முப்பத்து நாலு வயதுக்காரி அந்த ஏணியின் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் ஏறிக்கொண்டிருந்த எனக்கு அவள் கணுக்கால்தான் கண்ணெதிரே தெரிந்தது. பத்து வயதில் இருந்த அளவுதான் இருந்தது அது.

காலையில் தலையில் அலுமினியப் பாத்திரம் வைத்து இட்லி கொண்டுவருகிறார்கள். நாமக்கல்லில் நான் தின்னும் இட்லியைவிட அது மெத்தென்று இருந்தது. நான் ஆறு தின்றேன். அவள் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

அன்று பகல் முழுக்க வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லாரிடமும் நோய்க்கு ஒரு காரணம் இருந்தது. எதிர்வீட்டு அம்மா சாக்கடை என்றார். சுடலைமுத்து தோல் தூசி என்றார். பால்வாடி மேற்பார்வையாளர், சளி ஒழுகும் பிள்ளைகளைத் தூக்கிவைத்துக்கொண்டால் வேறென்ன வரும் என்றார். டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். விலாசத்தைக் கேட்டதும் அவர்கள் தலையை ஆட்டிவிட்டார்களாம். தாராவி என்றால் காசநோய். சளியில் கிருமி இல்லை என்று இரண்டு முறை வந்தும், இரண்டு முறை காசநோய் மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பண்ணையில் ஒரு சூப்பர்வைசர் சோதனையில் இல்லாத நோய்க்கு மருந்து கலந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவோம்.

பழைய சீட்டுகளைக் கேட்டேன். தங்கை ஒரு ஃபைலை எடுத்துத் தந்தாள். மூன்று மாதத்துக் காகிதம் மட்டும் இருந்தது. மற்றது எங்கே என்றதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுடலைமுத்து பரணிலிருந்து ஒரு அரிசிச் சாக்கை இறக்கினார். எட்டு வருஷத்துச் சீட்டு, எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எல்லாம் அதில் கிடந்தன. இதை டாக்டரிடம் காட்டவே இல்லையா என்று கேட்டேன்.

“பழைய சீட்டக் காட்டுனா புது டாக்டருக்கு மூஞ்சி மாறிரும் மைனி. ‘அவருகிட்டயே போவேண்டியதான’ன்னு கேப்பாங்க. அதான் எங்க போனாலும் மொதத் தடவதான் காட்டுதோம்னு சொல்லிருவோம்,” என்றார் சுடலைமுத்து.

இது அவர்கள் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல. அந்தச் சந்தில் எல்லா வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சாக்கு இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். டாக்டருக்கு மரியாதை செய்கிறார்களாம். அந்த மரியாதையால் காது டாக்டருக்குச் சீழ் வடியும் காது மட்டும் தெரியும். வயிற்று டாக்டருக்கு நிற்காத வயிற்றுப்போக்கு மட்டும் தெரியும். நெஞ்சு டாக்டருக்கு நிமோனியா மட்டும், அதுவும் முதல் நிமோனியாவாக. ஒரே பெண் எட்டு வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் புதிய நோயாளியாக நின்றிருக்கிறாள்.

வியாழக்கிழமை பகலில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பண்ணையில் ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். எந்த நாளில் என்ன தடுப்பூசி, எத்தனை செத்தது, கழிச்சல் என்ன நிறம், எல்லாம் அதில் ஏறும். கோழிக்கு வாய் கிடையாது, அட்டைதான் பேசும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தங்கைக்கு அப்படி ஓர் அட்டை போட்டேன். தேதி அழிந்துபோன சீட்டுகளுக்கு அவளே சொன்னாள்: அது கணபதி கரைத்த மறுநாள், இது ஊரடங்கில் பஸ் விட்ட வாரம், அது பால்வாடி ஆண்டுவிழா. மூக்கு, காது, வயிறு, நெஞ்சு என்று நான்கு கட்டம். மாலைக்குள் தாள் நிறைந்துவிட்டது.

ஒரு வரியில் என் பேனா நின்றது. ஏதோ முகாமில் அவளுக்கு நிமோனியாவுக்கான தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அடுத்த நாலாம் மாதம் நிமோனியா.

தடுப்பூசி போட்ட கொட்டகையில் அதே நோய் வந்தால் கோழி டாக்டர் கொட்டகையைத் திட்ட மாட்டார். சாக்கடையையும் திட்ட மாட்டார். செத்த கோழி ஒன்றை அறுத்துப் பின்பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஒரு சிறு பை இருக்கும், பர்சா என்போம். குஞ்சுப் பருவத்தில் கம்போரோ என்ற நோய் வந்து அந்தப் பை சுருங்கிப்போயிருந்தால், வெள்ளைக்கழிச்சலுக்கு எத்தனை ஊசி போட்டாலும் வீண். ஊசியைப் பார்த்து எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, செய்ய வேண்டிய ஆளே உள்ளே இல்லை. நாமக்கல்லில் பத்தாம் வகுப்பு ஃபெயிலான பண்ணையாளுக்கும் இது தெரியும்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கீழே காதர் பாய் கறிக்கடைக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். மேலப்பாளையத்துக்காரர். கோழியின் பின்பக்கம் வேண்டும் என்றதும் சங்கடப்பட்டார். “அதத் தூரப் போடுதோம்லா, யாரும் கேக்க மாட்டாவ. நல்ல நெஞ்சுக்கறி இருக்கு, கொண்டு போங்க,” என்றார். கழிவு டிரம்மில் கைவிட்டு நானே ஒன்றை எடுத்து, அவர் கத்தியை வாங்கி, பலகையில் வைத்துப் பிளந்தேன். ஆறு வாரக் கறிக்கோழி. சுண்டைக்காயைவிடப் பெரியதாய், நெல்லிக்காயைவிடச் சிறியதாய் ஒரு வெளுத்த உருண்டை. அதை நறுக்கினால் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். இருபது வருஷமாகக் கோழி அறுக்கும் பாய் குனிந்து பார்த்தார். இவ்வளவு நாள் கொழுப்பு என்று நினைத்தாராம்.

வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். தங்கை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் என்னை முதன்முதலாகக் கோபப்பட வைத்த கதையை அவர்களுக்குச் சொன்னேன்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஓர் உடற்கூறு ஆசிரியர் இந்தப் பையைக் கண்டு எழுதிவைத்தார். எதற்கென்று தப்பாக யூகித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். போன நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஒரு மாணவர், இது என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று குஞ்சுகளிலிருந்து பையை வெட்டி எடுத்தார். வெளியே தெரியும்படி ஒன்றும் ஆகவில்லை, குஞ்சுகள் பாட்டுக்கு வளர்ந்தன. பக்கத்தில் இன்னொரு மாணவருக்கு வகுப்பில் பாடம் காட்டக் கோழி தேவைப்பட்டது. கிருமி ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும் என்பதுதான் பாடம். மிச்சமிருந்த கோழிகளை இரவல் வாங்கிப் போனார். ஊசி போட்டால் சில செத்தன. பிழைத்தவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லை. வகுப்பின் முன்னால் மானம் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஊசிமருந்து கெட்டுவிட்டது என்று சொல்லிக் கையைக் கழுவியிருப்பார்கள். இவர்கள் இறக்கையில் மாட்டியிருந்த எண்ணையும் பதிவேட்டையும் ஒப்பிட்டார்கள். எல்லாம் பர்சா எடுத்த கோழிகள்.

திரும்பச் செய்து பார்த்து, உறுதியாக்கி, பெரிய அறிவியல் இதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்பினார்கள். இது போதாது என்று திரும்பி வந்தது. கடைசியில் கோழி வளர்ப்புக்காரர்கள் படிக்கும் இதழில் வெளியானது. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய மூளைகள் கோழி இதழைப் படிக்குமா? வருஷக்கணக்கில் சீந்துவாரில்லை. பிறகு யாரோ அதைத் தூசி தட்டிப் பார்த்து, அதன் மேல் வேலை செய்து, எதிர்ப்பொருள் செய்வதற்கென்றே தனியாக ஒரு வகை வெள்ளணு இருக்கிறது என்று நிலைநாட்டினார்கள். இன்று உலகமே அதை பி செல் என்கிறது. மனிதனுக்கு இந்தப் பை கிடையாது, எலும்பு மஜ்ஜையிலிருந்தே அந்தச் செல் வருகிறது. ஆனால் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லிக்கொடுத்தது இதோ இந்தக் கழிவு டிரம்மில் கிடக்கிற சமாச்சாரம்.

“அப்பம் எனக்கு இந்தப் பை இல்லங்கியா?” என்றாள் பேச்சி.

பை யாருக்கும் இல்லை, உனக்கு அந்தச் செல் சரியாக வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்படுகிறேன் என்றேன். அப்படியென்றால் வெட்டி எடுத்தாலும் மிச்ச நுரையீரலுக்கு இதே கதி வரும். காதர் பாய் பலகையைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனோம், ஆபரேஷனுக்கு எழுதிக்கொடுத்த நெஞ்சு டாக்டரிடம். தாராவியில் ஆட்டோ பிடித்தேன். சயனில் நிறுத்தி இறங்கு என்றார் டிரைவர். அதற்கு மேல் ஆட்டோ போகக் கூடாதாம், டாக்ஸிதான் போகலாமாம். நடுரோட்டில் ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு அந்தப் பக்கம் பணக்காரர்கள் என்று யார் முடிவு செய்தார்களோ. டாக்ஸிகள் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு வர மாட்டோம் என்று கையை ஆட்டிவிட்டுப் போயின. கடைசியில் சயன் ஸ்டேஷன் மேம்பாலப் படியேறி ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் போனோம். படியில் அவள் நான்கு முறை நின்றாள். பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவர், வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று இந்தியில் சொல்லிக்கொண்டே போனார்.

மாட்டுங்காவில் இறங்கினால் பூக்கடையும் காப்பி வாசனையும் கும்பகோணத்துக்கே வந்துவிட்டது போல இருக்கிறது. டாக்டர் அழைக்க நேரமாகும் என்றதால் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். பேச்சிக்குத் தெம்பாக ஓர் ஆம்லெட் கேட்டேன். இது சைவ மெஸ் என்று சொல்லிப் பரிமாறுபவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊர்க்காரி முட்டை என்ற சொல்லைச் சொன்னதற்காகத் தலைகுனிந்த இடம் அது ஒன்றுதான். ஆனால் ரசம் அருமை, அதை மறைக்க மாட்டேன்.

டாக்டர் பாலக்காட்டுப் பூர்வீகம், எழுபது வயது இருக்கும், கைராசிக்காரர் என்று பேர். காலண்டர் தாளை அவர் மேசையில் விரித்து, எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று எழுதித் தரும்படி கேட்டேன். நான் என்ன செய்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்தார்.

“கோழிக்கும் மனுஷாளுக்கும் என்னம்மா சம்பந்தம்? நீங்க சொல்ற வியாதியெல்லாம் லட்சத்துல ஒண்ணு. இவ இருக்கற எடத்துக்கு வேற என்ன வரும்னு எதிர்பாக்கறேள்?”

நீங்கள் படித்த பாடமே கோழியிடமிருந்து வந்ததுதான் என்றேன். என் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கீழ்ப்பகுதி கெட்டுவிட்டது, எடுப்பதுதான் வழி, தேதி கிடைத்ததே பெரிய விஷயம் என்று பொறுமையாகச் சொல்லி, அடுத்த ஆளை அழைக்க மணியடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுடலைமுத்து முகம் இருண்டுவிட்டது. தேதி தள்ளிப்போனால் மறுபடி எப்போது கிடைக்குமோ என்பது அவர் பயம். “நீங்க ரயிலேறிப் போயிருவிய மைனி. அந்த டாக்டர் மொகத்துல நாங்கதான முழிக்கணும்,” என்றார். அதில் தப்பு ஒன்றுமில்லை. நான் என்னதான் கத்தினாலும் கத்தி என் நெஞ்சில் படப்போவதில்லை. என்ன செய்வது என்று பேச்சியையே கேட்டேன். அவள் காலண்டர் தாளை மடித்தாள். ரத்தம்தானே, எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றாள்.

சனிக்கிழமை செம்பூர். அங்கே ஒரு பரிசோதனைக்கூடத்தில் டாக்டர் சீட்டு இல்லாமலும் ரத்தம் எடுப்பார்கள் என்று காதர் பாய் விசாரித்துச் சொல்லியிருந்தார். குர்லாவில் ரயில் மாற வேண்டும். பெண்கள் பெட்டியில் ஏறியதும் பேச்சிக்கு இருமல் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். தொற்றுநோய் உனக்கு அவளால் வராது, உன்னால்தான் அவளுக்கு வரும் என்று எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் கத்தினேன். என்ன புரிந்ததோ, மீன்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு மராட்டி அம்மா கூடையை நகர்த்தி, இங்கே உட்கார் மகளே என்று பேச்சியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஆறு நாளில் தாராவிக்கு வெளியே நான் கோபப்படாத ஒரே ஆள் அவர்தான்.

பரிசோதனைக்கூடத்தில் எந்த டாக்டர் அனுப்பினார் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டாள் கவுன்டர் பெண். என் பெயரைச் சொன்னேன். பட்டத்தைக் கேட்டாள். கால்நடை மருத்துவம் என்றதும் பக்கத்திலிருந்தவளைப் பார்த்துவிட்டு, ‘செல்ஃப்’ என்று அடித்துக்கொண்டாள். நோயாளி தானாகவே வந்தாள் என்று பொருள். கணினியில் எனக்குக் கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்து பட்டறையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையைப் பேச்சி இரண்டு முறை அடுக்கினாள், இரண்டு முறை பிரித்தாள். சாயங்காலம் ரிப்போர்ட் போனில் வந்தது. மூன்று வகை எதிர்ப்பொருள். மூன்றும் தரைமட்டம். இரண்டாவதன் அளவு, கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று போட்டிருந்தது. என் பண்ணையில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அந்தத் தொகுதிக்கு இனி ஊசி போடாதே என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மூவரும் மாட்டுங்காவுக்கே போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைக் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை படித்தார். இன்னொரு முறை ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றார். ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்று அவரே போன் செய்து நிறுத்தினார். இது உறுதியானால் மற்றவர்கள் கொடுக்கும் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை மாதாமாதம் நரம்பில் ஏற்ற வேண்டும், ஆயுசுக்கும் என்றார். அதற்கென்று இருக்கும் டாக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார். முதல் நிமோனியா வந்தபோதே கண்டுபிடித்திருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்று சுடலைமுத்துவைப் பார்த்துச் சொன்னார், அவர்தான் குற்றவாளி என்பது போல. என் பக்கம் திரும்பவே இல்லை. கிளம்பும்போது மட்டும் காலண்டர் தாளைக் காட்டி, “இது ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்கோ, மீட்டிங்ல காட்டலாம்,” என்றார்.

கொடுத்தேன். வெளியே வந்து சுடலைமுத்து மருந்து விசாரிக்கப் போனார். நானும் தங்கையும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு வாய் நிற்கவில்லை. அந்த ஆள் மீட்டிங்கில் காட்டுவானாம், கோழி இதழில் வந்ததைக் கண்டுகொள்ளாதவர்கள் ஜெராக்ஸ் மட்டும் கேட்பார்களாம் என்று பொரிந்து தள்ளினேன். காது, வயிறு, நெஞ்சு, காசநோய் என்று சாக்கிலிருந்த சீட்டுகளைக் கணக்கெடுத்தால் எட்டு வருஷத்தில் பதினோரு டாக்டர், ஒருத்தனுக்காவது சேர்த்துவைத்துப் பார்க்கத் தோன்றியதா என்று கேட்டேன்.

“பன்னெண்டு அக்கா,” என்றாள் பேச்சி.

இன்னொரு சீட்டு விட்டுப்போயிற்றா என்று கேட்டேன்.

“சீட்டு இல்ல. ஒன்னைய விட்டுட்ட. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன்ல ஒங்கிட்டதான மொதல்ல சொல்லுவேன். பம்பாய் தூசி, போவப் போவப் பழகிரும்னு சொல்லுவ. ரெண்டு முட்டை அவிச்சுத் தின்னுன்னு சொல்லுவ.” அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கோழிக்கு இருமல்னு யாராச்சும் கூப்பிட்டா அன்னைக்கே வண்டிய எடுத்துட்டுப் போயிருவியே.”

ஆமாம், அன்றைக்கே போயிருப்பேன்.